விண்மீன்களின் எழுத்தைப் படித்தவர்: அறிஞர் மேகநாத் சாஹா

உலகில் தோன்றி மறைந்தோர் எண்ணிலர். அவருள் தம் பெயரைத் தம் ஊரார் நாவில் நிறுத்திச் சென்றோர் சிலர். தாம் கண்ட உண்மையை உலகத்தார் அறிவில் நிறுத்திச் சென்றோரோ மிகச் சிலர். அம்மிகச் சிலருள் ஒருவர் வங்கத்துச் சிற்றூர் ஒன்றில் மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்த மேகநாத் சாஹா. கதிரவனிலும் விண்மீன்களிலும் உள்ள தனிமங்கள் எந்நிலையில் உள்ளன என்பதைத் தாளும் எழுதுகோலும் கொண்டு கணக்கிட்டுக் காட்டியவர் அவர்.

ஆண்டு விழா மலருக்கு ஒரு பெரியாரின் வரலாற்றை எழுதித் தருமாறு சங்கத்து அன்பர்கள் நம்மைப் பணித்தனர். நாமோ பத்தாம் வகுப்பிற்கு மேல் பயின்றோம் அல்லோம். ரயில்வே அலுவலகம் ஒன்றில் பதிவேடுகளோடு காலம் கழிக்கும் எழுத்தர். அறிவியல் அறிஞர் ஒருவரின் வாழ்வை எழுதப் புகுந்தமைக்குக் காரணம் ஒன்று உண்டு. சென்ற ஆண்டு எம் மகள் தன் பதினோராம் வகுப்பு வேதியியல் நூலைக் கொணர்ந்து ஒரு வினா எழுப்பினாள். நைட்ரஜனைக் காட்டிலும் ஆக்சிஜனின் அணுக்கருவில் மின்னேற்றம் ஒன்று மிகுதி. ஆகவே ஆக்சிஜன் தன் எலெக்ட்ரானை இன்னும் இறுகப் பற்ற வேண்டும் அன்றோ? ஆயினும் ஆக்சிஜனிடமிருந்தே எளிதிற் பறிக்க இயல்கின்றது. ஏன் என்று கேட்டாள். நாம் விடை அறியாது நின்றோம். விடை தேடித் திருவனந்தபுரத்துப் பொது நூலகத்தில் பல மாலைப் பொழுதுகளைக் கழித்தபோது, சாஹாவின் பெயர் நூலுக்கு நூல் எதிர்ப்பட்டது. வினாவுக்கு விடை கிடைத்தது. அதனினும் பெரியதொரு வாழ்வின் அறிமுகமும் கிடைத்தது.

இளமையும் கல்வியும்

மேகநாத் சாஹா 1893ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 6ஆம் நாள், டாக்கா மாவட்டத்தைச் சேர்ந்த சியோரத்தலி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்கதேசத்தில் உள்ளது. தந்தையார் ஜகந்நாத சாஹா சிறு கடை ஒன்று வைத்திருந்தார். தாயார் புவனேசுவரி தேவி. மக்கள் எண்மரில் இவர் ஐந்தாமவர். எழுதப் படிக்கத் தெரிந்ததும் பிள்ளை கடையில் அமர்ந்து வணிகம் பழகுவதே அக்குடும்பத்தின் வழக்கம். உயர்கல்வி அவ்வீட்டாரின் கனவிலும் இல்லை.

தொடக்கப் பள்ளியை முடித்த சிறுவனுக்கு அடுத்த பள்ளி ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் சிமுலியா என்னும் ஊரில் இருந்தது. நாள்தோறும் நடந்து மீள்வது இயலாது. விடுதியில் வைக்கவோ பொருள் இல்லை. அந்நிலையில் அவ்வூர் மருத்துவர் அனந்த குமார் தாஸ் என்பார் தம் இல்லத்தில் உணவும் உறைவிடமும் தந்தார். சிறுவன் தான் உண்ட கலத்தைத் தானே கழுவ வேண்டும். வீட்டுப் பசுவையும் பேண வேண்டும். இவையே அவர் விதித்த நிபந்தனைகள். சணல் ஆலையில் உழைத்த தமையனார் ஜயநாத் தம் சிறு ஊதியத்திலிருந்து திங்கள்தோறும் 5 ரூபாய் அனுப்பினார். அந்த 5 ரூபாய் பின்னாளில் உலகுக்கு எத்துணைப் பெரிய வட்டியோடு திரும்பியது என்பதை அத்தமையனார் கணக்கிட்டிருக்க மாட்டார்.

1905இல் உதவித்தொகை பெற்று டாக்காவில் உள்ள அரசினர் கல்லூரிப் பள்ளியில் சேர்ந்தார். அது வங்கப் பிரிவினையின் ஆண்டு. நாடெங்கும் கிளர்ச்சி. மாகாணத் துணை ஆளுநர் ஃபுல்லர் பள்ளிக்கு வருகை தந்த நாளில், எதிர்ப்பைக் காட்டும் பொருட்டு மாணவர் சிலர் வெறுங்காலுடன் வந்தனர். அவருள் சாஹாவும் ஒருவர். விளைவாகப் பள்ளியினின்றும் நீக்கப்பட்டார், உதவித்தொகையும் போயிற்று. கிஷோரிலால் ஜூபிலி பள்ளி அவரை ஏற்றுக்கொண்டது. 1909இல் நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்க மாணவர் அனைவரிலும் முதல்வராகத் தேறினார்.

1911இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியை அடைந்தார். ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் ஆசிரியர்கள்; சத்தியேந்திர நாத் போஸ் உடன் பயின்றவர். 1913இல் இளநிலைத் தேர்விலும் 1915இல் முதுநிலைத் தேர்விலும் போஸ் முதலிடமும் சாஹா இரண்டாமிடமும் பெற்றனர். ஆனால் தேர்வுப் பட்டியலில் கிடைத்த இடம் உணவுக்கூடத்தில் கிடைக்கவில்லை. ஈடன் இந்து விடுதியில், உயர்ந்த சாதியினராகத் தம்மைக் கருதிய மாணவர் சிலர் இவருடன் ஒரே கூடத்தில் அமர்ந்து உண்ண மறுத்தனர். இவர் தனித்து உண்டார். அறிவுக் கோயிலின் வாயிலிலேயே இப்படி ஓர் இழிவு இருந்தது என்பதை எழுதாது விடுவது வரலாற்றுக்குச் செய்யும் நேர்மை ஆகாது.

கல்வி முடிந்ததும் இந்திய நிதித்துறைப் பணிக்குரிய தேர்வை எழுத விரும்பினார். விடுதலை இயக்கத்தாரோடு தொடர்புடையவர் என்று ஐயுற்று அரசினர் அனுமதி மறுத்தனர். குடும்பச் சுமையைத் தாங்க, மிதிவண்டியில் நகரின் பல மூலைகளுக்கும் சென்று மாணவர்க்குத் தனிப்பாடம் கற்பித்தார். 1916இல் அசுதோஷ் முகர்ஜி நிறுவிய பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் விரிவுரையாளர் பதவி கிடைத்தது. அன்று அரசு கதவை அடைக்காதிருப்பின், கோப்புகளுக்கு ஓர் அதிகாரி கிடைத்திருப்பார். அறிவியல் தன் மேதை ஒருவரை இழந்திருக்கும்.

1917இல், ஒளி அணுக்களை உந்தும் முறை பற்றி ஒரு கட்டுரை எழுதி அமெரிக்க விண்ணியல் ஏடு ஒன்றுக்கு அனுப்பினார். கட்டுரை நீண்டது, அச்சுச் செலவில் ஒரு பகுதியை ஆசிரியரே ஏற்பின் வெளியிடலாம் என்று விடை வந்தது. அத்தொகை அவருடைய கைக்கு எட்டாதது. கட்டுரை அங்கு முழுமையாக வெளிவரவில்லை. பின்னர் அத்துறையில் பிறர் பெயர் பெற்றபோது, பணம் இன்மையால் தம் முதற்குரல் கேளாது போயிற்றே என்ற வருத்தம் அவருக்கு இருந்தது.

அணு என்னும் வண்டி

சாஹாவின் பெருஞ்செயலை விளங்கிக்கொள்ள, அணுவைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். கற்றறிந்தோர் பொறுப்பாராக, நமக்குத் தெரிந்த ரயில் வண்டியையே உவமையாகக் கொள்கின்றோம்.

அணுவின் நடுவே நேர்மின்னேற்றம் உடைய அணுக்கரு உளது. அதுவே இழுக்கும் எஞ்சின். எலெக்ட்ரான்கள் பயணிகள். அவை விரும்பிய இடத்தில் அமர இயலாது. கூடு என்று சொல்லப்படும் பெட்டிகள் வரிசையாக உள்ளன. எஞ்சினை அடுத்த முதற்பெட்டியில் இடம் இரண்டே. அடுத்த பெட்டியில் எட்டு. அதற்கப்பாலும் பெட்டிகள் உண்டு. எந்தத் தனிமத்தில் எத்தனை எலெக்ட்ரான்கள் எவ்வெவ்விடத்தில் உள்ளன என்பதே அதன் எலெக்ட்ரான் அமைப்பு. வெளியில் உள்ள எலெக்ட்ரான் ஒன்றை முற்றிலும் பிரித்தெடுக்கச் செலவாகும் ஆற்றலே அயனியாக்க ஆற்றல். அதனை எலெக்ட்ரான் வோல்ட் என்னும் அளவால் கூறுவர். எலெக்ட்ரானை இழந்த அணுவுக்கு அயனி என்று பெயர்.

ஹைட்ரஜனில் பயணி ஒருவரே. அவரைப் பிரிக்க 13.6 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். ஹீலியத்தில் இருவர்; முதற்பெட்டி நிறைந்துவிட்டது; எஞ்சினின் வலிவும் இருமடங்கு. ஆகவே 24.6 வேண்டும். தனிமங்கள் அனைத்திலும் மிகுந்த அளவு இதுவே. லித்தியத்தின் மூன்றாம் எலெக்ட்ரானுக்கு முதற்பெட்டியில் இடமில்லை. அது இரண்டாம் பெட்டிக்குச் செல்ல நேர்கின்றது. எஞ்சின் தொலைவில், இடையே இருவர் மறைத்து நிற்கின்றனர். ஆகவே 5.4 எலெக்ட்ரான் வோல்ட்டிலேயே அது கழன்றுவிடுகின்றது.

இரண்டாம் பெட்டி நிறைய நிறையப் பிடிப்பு பொதுவாக வலுக்கின்றது. நியான் அணுவில் எட்டு இடங்களும் நிறைந்தபோது 21.6 ஆகின்றது. அடுத்த சோடியத்தில் மூன்றாம் பெட்டியில் ஒற்றைப் பயணி, உடனே 5.1 ஆக வீழ்கின்றது. இவ்வாறு ஏறியும் வீழ்ந்தும் செல்வதே தனிம வரிசையின் இயல்பு.

இவ்வேற்றத்தின் நடுவே சிறு சறுக்கல்கள் இரண்டு உள்ளன. இரண்டாம் பெட்டியின் எட்டு இடங்களும் ஒரு தரத்தன அல்ல. ஓர் அறை சற்றுத் தாழ்ந்த ஆற்றலுடையது. ஏனைய மூன்று அறைகள் சற்று உயர்ந்தவை. அறை ஒன்றில் இருவர்க்கே இடம். பெரிலியம் வரை தாழ்ந்த அறை நிறைகின்றது. போரானின் புதிய எலெக்ட்ரான் உயர்ந்த அறையில் அமர்வதால் எளிதிற் பிரிகின்றது. ஆகவே 9.3 இலிருந்து 8.3 ஆகக் குறைகின்றது. நைட்ரஜனில் அம்மூன்று அறைகளிலும் ஆளுக்கோர் அறையாக மூவர் உள்ளனர், நெருக்கம் குறைவு. ஆக்சிஜனில் நான்காமவர் ஏற்கெனவே ஒருவர் உள்ள அறையில் நுழைய வேண்டும். இருவரும் எதிர்மின்னேற்றம் உடையவர் ஆதலின் ஒருவரையொருவர் தள்ளுவர். அதனாலேயே நைட்ரஜனுக்கு 14.5 எனவும் ஆக்சிஜனுக்கு 13.6 எனவும் அளவு அமைந்தது. எம் மகளின் வினாவுக்கு விடை இதுவே. வெறும் எண்ணிக்கை அன்று. அமர்ந்திருக்கும் முறையே பிடிப்பைத் தீர்மானிக்கின்றது.

சோடியம் இருக்கும் குடும்பத்தில் கீழே செல்லச் செல்லப் பெட்டிகள் மிகுகின்றன. வெளியில் உள்ள ஒற்றை எலெக்ட்ரான் எஞ்சினிலிருந்து மேலும் தொலைவாகின்றது. பொட்டாசியத்துக்கு 4.3, ருபீடியத்துக்கு 4.2, சீசியத்துக்கு 3.9. இவ்வெண்களை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகின்றோம். சாஹாவின் வெற்றி இவற்றில்தான் ஒளிந்துள்ளது.

1920: கதிரவனின் புதிர்

கதிரவனின் ஒளியைப் பட்டகத்தால் பிரித்து நோக்கின் வண்ணங்களிடையே கருங்கோடுகள் பல தோன்றும். ஒவ்வொரு தனிமத்துக்கும் உரிய கோடுகள் தனித்தனி. ஆயினும் இரு புதிர்கள் அறிஞரை வருத்தின. ஒன்று, சோடியம் கதிரவனில் தெளிவாகக் காண்கின்றது. அதன் குடும்பத்தைச் சேர்ந்த ருபீடியமும் சீசியமும் காணவில்லை. மற்றொன்று, முழுக் கிரகணத்தின்போது புலப்படும் கதிரவனின் வெளிமண்டலத்தில், அயனியாகிய கால்சியத்தின் கோடுகள் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர் உயரம் வரை காண்கின்றன; இயல்பான கால்சியத்தின் கோடோ 5,000 கிலோமீட்டரோடு நின்றுவிடுகின்றது. மேலே செல்லச் செல்ல வெப்பம் குறையும் என்றே அந்நாளில் எண்ணினர். அங்ஙனமாயின் மேலே அயனி மிகுவது எப்படி?

சாஹா இதனை வேதியியலார் கண்ணோடு நோக்கினார். நம் நாட்டுச் சுண்ணாம்புக் காளவாயை எண்ணுக. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் சுண்ணாம்பும் வாயுவுமாகப் பிரிகின்றது. வாயு வெளியேறிக் கொண்டிருந்தால் பிரிதல் தொடரும். மூடிய கலத்துள் வாயு நெருங்கி நின்றால் மீண்டும் கூடிக் கல்லாகும். அணு அயனியாகவும் எலெக்ட்ரானாகவும் பிரிவதும் இத்தகையதே என்று அவர் கொண்டார். வெப்பம் பிரிக்கின்றது, நெருக்கம் மீண்டும் சேர்க்கின்றது. அந்நாளில் ஜெர்மனியில் எகர்ட் என்பார் விண்மீன்களின் உட்பகுதி பற்றி இதனையொத்த எண்ணம் ஒன்றை வெளியிட்டிருந்தார். ஆனால் அயனியாக்க ஆற்றலுக்கு உத்தேச அளவையே கொண்டார். சோதனைச் சாலைகளில் ஒவ்வொரு தனிமத்துக்கும் அளந்து கண்ட உண்மை அளவை அவ்விடத்தில் வைக்க வேண்டும் என்று கண்டதே சாஹாவின் நுண்ணறிவு.

வெப்பநிலை, அழுத்தம், அயனியாக்க ஆற்றல் ஆகிய மூன்றும் தெரிந்தால் நூற்றுக்கு எத்தனை அணுக்கள் எலெக்ட்ரானை இழந்திருக்கும் என்று கூறும் சமன்பாடு பிறந்தது. 1920ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து வெளிவந்த பிலசாபிகல் மாகசின் என்னும் ஏட்டில் அது வெளியாயிற்று. சாஹாவுக்கு அப்போது வயது 27 கூட நிறைந்த அளவே.

புதிர்கள் விலகின. கதிரவனின் மேல்மண்டலத்தில் அழுத்தம் மிகக் குறைவு. கழன்ற எலெக்ட்ரான் மீண்டும் ஓர் அயனியைச் சந்திப்பது அரிது. ஆகவே கால்சியம் அங்கே அயனியாகவே நிற்கின்றது. ருபீடியமும் சீசியமும் இல்லாமற் போகவில்லை. கதிரவனின் மேற்பரப்பில் உள்ள ஏறத்தாழ 5,500 பாகை வெப்பத்தில் தம் ஒற்றை எலெக்ட்ரானை இழந்துவிட்டன. இழந்தபின் எஞ்சுவது நிறைந்த கூடு. அந்த அயனியின் கோடுகள் நம் கண்ணுக்கும் அந்நாளைய கருவிக்கும் எட்டாத புற ஊதாப் பகுதியில் விழுகின்றன. எனவே இருந்தும் இல்லாதவை போலாயின.

முன்பதிவுப் பட்டியலைக் கையாளும் எமக்கு இது நன்கு விளங்குகின்றது. தம் இருக்கையில் காணாத பயணியெல்லாம் வண்டியில் ஏறாதவர் அல்லர். வேறு பெட்டியில் நின்று கொண்டிருக்கவும் கூடும். காணாமை வேறு, இல்லாமை வேறு. இவ்வேறுபாட்டை விண்ணுலகில் நிறுவியவர் சாஹா.

அவர் இன்னும் ஒரு படி சென்றார். கதிரவனின் கரும்புள்ளிகள் சுற்றிலும் உள்ள பரப்பைவிட வெப்பம் குறைந்தவை. அங்கே ருபீடியம் ஓரளவு தன் எலெக்ட்ரானைத் தக்கவைத்திருக்கும். அங்கே தேடினால் அதன் கோடுகள் கிடைக்கலாம் என்று முன்கூட்டி உரைத்தார். அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வு நிலையத்துப் படங்களை ஆய்ந்த ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல், கரும்புள்ளியின் நிறமாலையில் ருபீடியத்தின் கோடுகளைக் கண்டார். கல்கத்தாவில் எழுதிய கணக்கு கதிரவனில் மெய்யாயிற்று.

விண்மீன்களின் வரிசை

அக்கட்டுரைகளின் காலத்திலேயே உதவித்தொகை பெற்று இலண்டன் சென்ற சாஹா, ஆல்ஃபிரட் ஃபௌலரின் ஆய்வுக்கூடத்தில் சில திங்கள் இருந்தார். விண்மீன் நிறமாலை பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1921இல் ராயல் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது. பின்னர் பெர்லினில் நெர்ன்ஸ்ட் என்பாரின் ஆய்வுக்கூடத்திலும் பணியாற்றித் தாயகம் மீண்டார்.

அக்கட்டுரை செய்தது யாது? விண்மீன்களின் நிறமாலைகள் பலவகைப்பட்டவை. அவற்றைக் கண்டோர் விண்மீன்கள் வெவ்வேறு பொருள்களால் ஆனவையோ என்று ஐயுற்றனர். பெரும்பாலும் வேறுபாடு பொருளில் அன்று, வெப்பத்தில் என்று சாஹா விளக்கினார். நம் முன்னோர் பெயரிட்ட விண்மீன்களையே எடுத்துக்கொள்வோம். செந்நிறத் திருவாதிரையும் ரோகிணியும் வெப்பம் குறைந்தவை. அங்கே உலோக அணுக்கள் பல தம் எலெக்ட்ரான்களோடு காண்கின்றன. நீலவெண்மையான சித்திரை 20,000 பாகைக்கும் மேற்பட்ட வெப்பமுடையது. எலெக்ட்ரானை இறுகப் பற்றும் ஹீலியமே அங்கே தன் கோடுகளைக் காட்டுகின்றது. ஏறத்தாழ 10,000 பாகையில் ஹைட்ரஜனின் கோடுகள் மிக வலுப்பெறுகின்றன. நிறமாலை வரிசை வெப்ப வரிசையாயிற்று.

இச்சமன்பாட்டைக் கருவியாகக் கொண்டே 1925இல் சிசீலியா பெய்ன் என்னும் பெண்மணி, விண்மீன்களில் மிகப் பெரும்பகுதி ஹைட்ரஜனும் ஹீலியமுமே என்று கண்டார். அணுவின் அறைகளில் எலெக்ட்ரான்கள் இருவர்க்கு மேல் சேரா என்ற பவுலியின் விதியும் அதே ஆண்டில் வெளிவந்தது. எலெக்ட்ரான் அமர்ந்திருக்கும் முறைக்கும் விண்மீனின் முகத்தோற்றத்துக்கும் உள்ள உறவு இவ்வாறு முழுமை பெற்றது.

நாட்டுப் பணி

1923 முதல் 1938 வரை அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். 1927இல் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். நோபல் பரிசுக்குப் பன்முறை பெயர் முன்மொழியப்பட்டும் அது கிடைக்கவில்லை. 1935இல் அறிவியலும் பண்பாடும் என்னும் பொருள்படும் பெயரில் ஆங்கிலத் திங்களிதழ் ஒன்றைத் தொடங்கினார். 1938இல் கல்கத்தா மீண்டார். அவர் நிறுவிய அணுக்கரு இயற்பியல் நிலையம் 1950இல் திறக்கப்பட்டது. அவர் மறைவுக்குப் பின் அது அவர் பெயரையே தாங்கிற்று.

இளமையில் வங்கத்து வெள்ளங்களைக் கண்டவர் ஆதலின் ஆறுகளைப் பற்றி இடையறாது எழுதினார். 1948இல் அமைந்த தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு அவருடைய எழுத்துகளும் உழைப்பும் துணை நின்றன. 1952இல் கல்கத்தாவிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் தலைவரானார். நாட்டில் வழங்கிய ஏறத்தாழ 30 வகைப் பஞ்சாங்கங்களை அக்குழு ஆராய்ந்தது. சித்திரையில் ஆண்டு பிறக்கக் காணும் தமிழரும் சிங்கத்தில் கொல்லம் ஆண்டு தொடங்கக் காணும் மலையாளத்தாரும் ஒரே தெருவில் வாழும் இந்நகரில், அப்பணியின் அருமை நமக்குச் சொல்லாமலே விளங்கும். அக்குழு பரிந்துரைத்த சக ஆண்டு நாட்காட்டி 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்தது.

அதனைக் காண அவர் இல்லை. 1956 பிப்ரவரி 16ஆம் நாள், தில்லியில் திட்டக்குழு அலுவலகத்தை நோக்கிச் செல்லும் வழியில் இதயம் நின்று காலமானார். வயது 62.

தென்னாட்டில் அவர் நிழல்

வங்கத்தவரின் வரலாறு நம் மலருக்கு ஏன் என்று கேட்போர் இருக்கலாம். 1899இல் தோன்றிய கொடைக்கானல் கதிரவ ஆய்வு நிலையத்தில், அயனியான கால்சியத்தின் ஒளியிலேயே நூறாண்டுக்கும் மேலாகக் கதிரவனைப் படம் எடுத்துச் சேமித்தனர். சாஹா பொருள் விளக்கிய கோடுகளுள் ஒன்று அது. பழனி மலையில் எடுத்த படங்களுக்கு உரை எழுதியவர் அவர் என்று கூறின் மிகையாகாது.

இந்நகரின் கதையும் உண்டு. கதிரவனின் புற ஊதா ஒளி மேற்காற்றின் ஆக்சிஜன், நைட்ரஜன் ஆகியவற்றிலிருந்து எலெக்ட்ரான்களைப் பறித்து, அங்கு மின்னூட்டிய அடுக்கு ஒன்றை உண்டாக்குகின்றது. 1930-களில் சாஹா ஆராய்ந்த பொருள்களுள் இதுவும் ஒன்று. காற்றுக்கு மேலே கருவிகளை அனுப்பியே கதிரவனின் புற ஊதா ஒளியைப் படிக்க இயலும் என்றும் அந்நாளிலேயே எழுதினார். நிலவுலகின் காந்த நடுக்கோடு தும்பாவுக்கு அருகே செல்கின்றது; அக்கோட்டின் மேலே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில், மின்னூட்டிய அக்காற்றில் வலிய மின்னோட்டம் ஒன்று பாய்கின்றது. அதனை ஆராயவே நம் கடற்கரைச் சிற்றூரான தும்பாவைத் தேர்ந்தனர். 1963 நவம்பர் 21ஆம் நாள் மாலை அங்கிருந்து எழுந்த முதல் ராக்கெட்டு சோடிய ஆவியைத் தூவிச் சென்றது. வானில் செம்மஞ்சள் நிறக் கீற்று ஒன்று ஒளிர்ந்தது. மூன்றாம் கூட்டில் தனித்து நிற்கும் அந்த ஒற்றை எலெக்ட்ரான், கதிரவன் ஒளியை ஏற்று எழுந்து மீண்டும் அமரும்போது உமிழும் ஒளி அது. ரயில் முற்றங்களில் முன்பு நாம் கண்ட சோடிய விளக்குகளின் நிறமும் அதுவே. சாஹா இருந்திருந்தால் 70 வயது முதியவராக அக்காட்சியைக் கேட்டு மகிழ்ந்திருப்பார்.

அன்பர்களே! பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இவ்வாழ்வில் பாடம் ஒன்று உண்டு. வறுமையால் பள்ளி இழந்த பிள்ளையின் பெயர் எந்தத் தேர்வுப் பட்டியலிலும் இராது. பட்டியலில் இல்லாமையால் அப்பிள்ளையிடம் அறிவு இல்லை என்று முடிவு செய்பவர், கதிரவனில் சீசியம் இல்லை என்று எழுதியவரைப் போன்றவர். சிமுலியாவின் மருத்துவர் அப்படி முடிவு செய்யவில்லை. ஒரு வேளைச் சோறும் ஒரு மூலையில் படுக்க இடமும் தந்தார். திங்களுக்கு 5 ரூபாய் தந்தார் ஒரு தமையனார். நம் சங்கத்தின் கல்வி நிதிக்கு ஆண்டுதோறும் சிறு தொகை அளிக்கும் அன்பர்கள், தாம் அளிப்பது சிறிது என்று கூச வேண்டுவதில்லை.

நிலவின் மறுபுறத்தில் உள்ள பெருங்குழி ஒன்று இன்று சாஹாவின் பெயரால் வழங்குகின்றது. அதுவும் நாம் இங்கிருந்து காண இயலாத இடமே. காணாவிடினும் அது உண்டு.

வாழ்க அவர் புகழ்!